ரோஜாவுக்குக் கொடுத்த மருந்து

வெம்பக்கோட்டை
4.8.2025

சங்கிலிமுத்துவுக்கு அவர் வீட்டுக்காரி எழுதுவது.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறேன். குரலைக் கேட்டால் இளகிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் ஷெட் வெடித்து உங்களை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து பதினெட்டு நாள் வார்டு வாசலில் படுத்துக் கிடந்தேன். திருத்தங்கல் அச்சாபீஸ் வேலைக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கட்டுப் பிரிக்கும்போது திரைக்கு வெளியில்தான் நின்றேன். ஊசி போட்டதும் கண்ணைத் திறந்துகொண்டே பேசினீர்கள், திரை இடுக்கில் பார்த்தேன். மூன்று தடவை ரோஜா, ரோஜா, ரோஜா. கூட வேலை பார்த்த பிள்ளை வெடிப்பில் போய்விட்டாளே என்று நானும்தான் அழுதேன். அந்த அழுகையைத் திருப்பிக் கொடுங்கள்.

என் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. பதினோரு வருடம் ஆக்கிப் போட்டவள் பெயர்! செத்துப்போனவளோடு எப்படிச் சக்களத்திச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

நம் மகள் சினேகா அப்பா எங்கே என்று கேட்கிறாள். உங்கள் தங்கை கொண்டுவரும் முட்டையைத் தினமும் சாப்பிடுங்கள். புண் ஆற வேண்டும்.

செல்வலட்சுமி


மதுரை, தீக்காய வார்டு
9.8.2025

அன்புள்ள செல்விக்கு,

முதுகும் இடது கையும்தான் வெந்திருக்கின்றன. குப்புறப் படுத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

மயக்க டாக்டர் அனுப்பிரியாவிடம் கேட்டேன். அந்த ஊசிக்குப் பெயர் கெட்டமின். மூளையில் ஒரு நரம்பு அனுப்பும் செய்தியை அடுத்த நரம்பு வாங்கிக்கொள்ள ஏற்பிகள் என்று வாசல்கள் இருக்கின்றனவாம். குளூட்டமேட் என்று ஒன்று வந்து ஒட்டினால் வாசல் திறக்கும். இந்த மருந்து திறந்த வாசலுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், பஸ் படியில் நின்றுகொண்டு யாரையும் ஏறவிடாத ஆளைப் போல. வலி உடம்பிலிருந்து கிளம்பும், ஆனால் அது தன் வலி என்று மூளை சேர்த்துப் பார்க்காது. கண் திறந்திருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டான். "அப்பப் பேசுறது கனவு மாதிரி. அதை யாரும் பெருசா எடுத்துக்கக் கூடாது" என்று சிரித்தார். நினைவு பதிவதற்கும் அந்த வாசல்தான் வேண்டுமாம். அதனால் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பேசியது மருந்து, நான் இல்லை. ரோஜா எனக்குத் தங்கை மாதிரி. நான் என்ன சொன்னேன் என்று மட்டும் ஒரு வரி விடாமல் எழுது.

உன்
சங்கிலிமுத்து


வெம்பக்கோட்டை
14.8.2025

தங்கைகள் நிறைய உள்ளவருக்கு,

டாக்டரம்மாவும் சிரித்தார்களாக்கும். உங்களைச் சுற்றி எப்போதும் யாராவது ஒருத்தி சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எல்லா வாசலையும் அந்த மருந்து அடைத்துவிட்டதென்றால் ரோஜா மட்டும் எந்த வாசல் வழியாக வந்தாள்? எனக்கு ஒரு சந்துகூடக் கிடைக்கவில்லையா?

நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "ரோஜாவுக்கு நாந்தேன் மருந்து குடுத்தேன். அளவு கூடிப்போச்சு. யாருக்கும் தெரியாது. ஏலே, யார்ட்டயும் சொல்லிராதலே."

கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு, யாருக்கும் தெரியாமல் கொடுக்கிற மருந்து எது என்று எனக்குத் தெரியாதா? கருவைக் கலைக்கத்தானே?

நேற்று அவள் வீட்டுக்கே போய்விட்டேன். முப்பதாம் நாள் படையல், தெருவே கூடியிருந்தது. அவள் அம்மா மாரித்தாயிடம் அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். "ஓம் மக எம்புருசனோட சுத்துனவ. வயித்துல வாங்கிக்கிட்டு, கலைக்க மருந்து தின்னவ. அவளுக்கு என்ன படையல் வேண்டிக்கெடக்கு?" மாரித்தாய் இலையில் வைத்த சோற்றை முந்தானையால் மூடினாள்.

என் வயிற்றெரிச்சல் அடங்கியது. பொய் சொல்ல மாட்டேன், அடங்கத்தான் செய்தது.

செல்வலட்சுமி


மதுரை
18.8.2025

செல்வி,

ரோஜா தங்கை மாதிரி என்று நான் எழுதியது பொய்யில்லை. பேசியது நான் இல்லை என்று எழுதியதுதான் பொய்.

நீ பட்டாசு ஊரில் பிறந்தவள். மருந்து என்றால் நமக்கு என்ன? ஆஸ்பத்திரிக்குள் கேட்டதால் உனக்கு அர்த்தம் மாறிவிட்டது. நான் கொடுத்தது பூச்சட்டியில் அடைக்கிற வெடிமருந்து. ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் கொடுக்க வேண்டும், தீர்ந்ததும் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு லோடு ஏற்ற லாரி வந்து நின்றது. மூன்று தட்டையும் மொத்தமாக அவள் முன்னால் கொட்டினேன். "அண்ணே, இம்புட்டையும் ஒண்ணா வைக்காதீக, பயமா இருக்கு" என்றாள். "சீசன் நேரத்துல நடந்துக்கிட்டா இருப்ப? சும்மா அடை தாயி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பத்தடி தாண்டியிருக்க மாட்டேன்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், ரோஜாவே மருந்தைக் கூடுதலாக அள்ளிக்கொண்டாள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கம்பெனியில் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். எனக்கும் ஜெயிலுக்குப் பயம்.

நீ நினைத்த மாதிரி அவளோடு எனக்கு ஏதாவது இருந்திருந்தால் தேவலை. உன் காலில் விழுந்தாவது தீர்த்திருப்பேன்.

சங்கிலிமுத்து


வெம்பக்கோட்டை
22.8.2025

சினேகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். புருசன் என்னுடையவன்தான் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை.

ரோஜாவுக்குப் பத்தொன்பது வயது. அவள் உயிரை நீங்கள் எடுத்தீர்கள், பேரை நான் எடுத்தேன். அந்த அம்மாவுக்கு நாம் எதை மிச்சம் வைத்தோம்?

என் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இனி ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் உங்கள் வாயில் அவள் பெயர்தான் வரும், என் பெயர் வராது. அது தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்தும் எரிகிறது.

மாரித்தாய்க்குப் படிக்கத் தெரியாது. நாளைக் காலையில் அந்தத் தெருவில், அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, உங்கள் கடிதத்தை நானே சத்தமாகப் படிக்கப் போகிறேன். படித்துவிட்டு அந்த அம்மா கையில் கொடுத்துவிடுவேன். அதைப் போலீசில் கொடுப்பதா அடுப்பில் போடுவதா என்று மாரித்தாயே முடிவு பண்ணட்டும்.

உங்களிடம் மறைத்துச் செய்யவில்லை, சொல்லிவிட்டுத்தான் போகிறேன். போலீஸ் வந்தால், பேசியது மருந்து இல்லை, நான்தான் என்று சொல்லுங்கள்.

செல்வலட்சுமி