செல்வியின் லேப்டாப்பில் ஏற்றிய வேகம்

சனிக்கிழமை, இரவு

மதியம் பயத்தில் குறித்து வைத்தவை:
1. மருமகள் செல்வியின் கேமிங் லேப்டாப் அணைந்துவிட்டது.
2. காரணம் நான்.
3. இனி அவள் அதை என்னிடம் தரமாட்டாள்.

செல்வி அதில்தான் சேலை டிசைன் வரைகிறாள். இன்று மாலைக்குள் காஞ்சிபுரத்துக்கு அனுப்பாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்ற நிலை. லேப்டாப் மந்தமாக இருக்கிறது என்று அவள் சலித்துக்கொண்டாள். பிராசஸரில் கணக்குப் போடும் நான்கு கோர்களுக்கும் வேகத்தை ஏற்றித் தருவதாகச் சொன்னேன். ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சூட்டைப் பார்த்தேன். நன்றாக ஓடியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு படி ஏற்றினேன். சூடு தாங்காமல் அணைந்துவிட்டது.

"இன்னா மாமா, உங்களுக்கும் வேர்த்துக் கொட்டுது? நீங்களும் ஸ்பீடு ஏத்திக்கினீங்களா?" என்று சிரித்தாள் செல்வி. "டிசைன் பென்டிரைவ்ல கீது, பயப்படாதீங்க."

டேபிள் ஃபேன் முன்னால் வைத்து ஆறவிட்டாள். மறுபடி இயங்கியதும், பழைய வேகத்துக்கே மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். அவள் அதை என் மேசைக்கே தூக்கி வந்தாள்.

"கடைசிக்கு முந்தின படி நல்லா ஓடிச்சி மாமா. அதையே வச்சிக் குடுங்க. எனக்கு நேரமாவுது."

வைத்துக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் அனுப்பிவிட்டாள். லேப்டாப்பை அணைய வைத்த என்னையே நம்பித் தன் பிழைப்பையே கொடுத்தாளே, அவள் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாகக் குறித்தது தவறு.