போன கடிதத்தில் சொன்னது

சங்கரன்கோவில்
14-3-1979

அன்பு மகன் சண்முகையாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை கோமதித்தாய் எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகம் என்று இந்தத் தடவை எழுதாதே ஐயா, எப்படி இருக்கிறாயோ அப்படியே எழுது. மெட்ராஸில் உன்னோடு அறையில் இருக்கும் தாவூதின் கடிதம் முந்தாநாள் வந்தது. டெலிபோன் ஆபீசில் ஆள் குறைந்ததிலிருந்து வெளியூர் டிரங்க் கால் இணைக்கும் போர்டில் நீ ஒருவனே இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறாயாம், சாப்பிட உட்கார்ந்தாலும் காதில் மணி அடிக்கிறது என்று எழுந்துவிடுகிறாயாம், போன திங்கட்கிழமை ஆபீஸ் படி ஏற முடியாமல் அழுதுகொண்டே திரும்பி வந்தாயாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அம்மா எழுதிருக்கா" என்கிறாயாம். தூக்கம் இல்லை என்று நீ எழுதியபோது, வெளியே சொல்லாதே, லீவு போடாதே, உனக்குப் பேசியிருக்கும் வாசுதேவநல்லூர்ப் பெண் வீட்டார் காதுக்குப் போய்விடும் என்று எழுதச் சொன்னவள் நான்தான். மனசு சரியில்லாதவர்களைக் குணமாகட்டும் என்று கோமதியம்மன் சந்நிதிச் சக்கரக் குழியில் உட்காரவைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நம் பிள்ளையையும் நாலு பேர் அப்படிப் பார்ப்பார்களே என்று ஊருக்குப் பயந்தேனே தவிர, உனக்காகப் பயப்படத் தோன்றவில்லை.

நேற்றுப் பெண்ணின் அப்பா ஆறுமுகச்சாமி அண்ணாச்சி, சித்திரையில் நாள் குறிக்க வந்தார். காப்பியைக் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, வேலைக் கஷ்டத்துல பையனுக்கு மனசு சரியில்ல. டாக்டர்ட்ட காட்டப் போறோம், நாளெல்லாம் பெறவு பாப்போம்" என்றேன். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். பெற்றவள் சொல்கிற பதிலா அது? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இனி வருவார் என்று தோன்றவில்லை, போகட்டும். நீ மறைத்துவைக்க இனிமேல் ஒன்றும் இல்லை. கடிதம் கிடைத்த அன்றே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தாவூதோடு போய் டாக்டரைப் பார். நானும் தங்கையும் வெள்ளிக்கிழமை மெயில் ரயிலில் புறப்படுகிறோம், நாங்கள் வரட்டும் என்று காத்திருக்காதே. தனியாக இராதே. கவரில் அம்மன் கோவில் புற்றுமண் மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள். அதோடு நிறுத்தாமல் டாக்டர் கொடுக்கும் மாத்திரையையும் சாப்பிடு. அம்மன் உன்னைக் கைவிடமாட்டாள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா முப்பிடாதியம்மாள்

அண்ணா, போன கடிதத்தையும் நான்தான் எழுதினேன். 'வெளியே சொல்லாதே' என்று அம்மா சொன்னபோது அது சரியில்லை என்று எனக்குப் பட்டது. பி.ஏ. படித்தும் வாய் வரவில்லை, அப்படியே எழுதிவிட்டேன். டாக்டரிடம் அம்மாவுக்குப் பேச வராது. நான் பேசுகிறேன்.
கோமதித்தாய்