செங்குத்து

மார்ச் 3
மழை. பேருந்தில் நின்றே வந்தேன். நான் வடிவமைத்த வளைந்த சல்லடைத் தகட்டைச் சோதனை அறையின் மூலையில், சுவருக்கும் கூரைக்கும் நடுவே, ஃபிட்டர் நெட்டை அண்ணன் மாட்டிவிட்டார். பச்சைக்குழந்தைகள் வார்டுக்கானது. காற்று அதன் ஓட்டைகள் வழியே மெதுவாக விரிந்து வர வேண்டும். தொட்டில்மேல் அடிக்கக் கூடாது.

சுவரோரம் காற்று நன்றாக வருகிறதாம். மேலே போகப்போகக் குறைந்து, கூரையோரம் பூஜ்யமாம். காற்றை அளக்கும் சென்சார் சொல்கிறது. ஐயோ.

மார்ச் 5
விசிறி முழு வேகம். கூரையோரம் பூஜ்யம், என் மண்டையிலும்.

மேலாளர்: “வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பழைய தட்டைத் தகடுதான். குழந்தைங்க விஷயம்மா.” அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தட்டைத் தகடு குழந்தைமேல் நேராக ஊதுமே!

மார்ச் 6
கண்டுபிடிச்சுட்டேன்!

ஏணியில் ஏறிக் கூரையோரம் கை வைத்தேன். உள்ளங்கையில் காற்று! சென்சாரில் பூஜ்யம். யார் பொய் சொல்கிறார்கள்?

அளவுகளை வரைந்து பார்த்தேன். ஒரே ஒரு புள்ளி தவிர, அச்சு அசல் கோசைன் வளைவு. பழுது இவ்வளவு லட்சணமாக இருக்குமா? ஓடிப்போய்ச் சென்சார்களைப் பார்த்தேன். எல்லாமே தரையைப் பார்த்துத் தொங்குகின்றன!

“நீங்கதானே மேடம் செங்குத்தா வைக்கச் சொன்னீங்க? தூக்குக்குண்டு போட்டுத்தான் வச்சேன். ஒரு நூல் பிசகல,” என்றார் அண்ணன்.

சொன்னேன்தான். நான் நினைத்தது தகட்டுக்குச் செங்குத்து. அவர் கேட்டது தரைக்குச் செங்குத்து. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த புண்ணியவான் யாரோ!

காற்று அம்பு போல, அதற்குத் திசை உண்டு. தகட்டை விட்டு நேரே வெளியே வரும் பங்குதான் எனக்கு வேண்டும். தகடு எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தத் திசையில் அளந்தால்தான் அது கிடைக்கும். வளைவில் அந்த முகம் இடத்துக்கு இடம் திரும்புகிறது. கூரையோரம் அது எதிர்ச்சுவரைப் பார்க்கிறது. சென்சாரோ தரையைப் பார்க்கிறது. பூஜ்யம் வராமல் என்ன வரும்?

பழைய அளவுகளைத் திருத்தவும் வழியில்லை. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே? சென்சார்களைத் திருப்பி மாட்டித்தான் ஆக வேண்டும். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஏணியைத் தூக்கினார்.

வீட்டில் அக்கா: “பேய் பிடிச்ச மாதிரி சிரிக்கிற. என்னடி, காதலா?”
“கோசைன்க்கா!”
“எந்த ஊருப் பையன்?”

மார்ச் 7
கூரையோரம், சுவரோரம், நடுவே, எங்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறைவு. அங்கே தகட்டில் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாளை உரிக்க மறந்திருந்தோம். உரித்தோம். சரியாகிவிட்டது. குதித்தேன், எல்லார் முன்னாலும்.

மேலாளர் கையெழுத்துப் போட்டார். “இனிமே இந்தக் கட்டடத்துல யாரும் செங்குத்துன்னு பேசக் கூடாது.”

ஏப்ரல் 19
வார்டு திறந்து நாலு நாள். சரிபார்க்கப் போயிருந்தோம். வளைவுக்குக் கீழே முதல் தொட்டிலில், கைமுட்டியளவு முகத்தோடு ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒரு முடிகூட அசையவில்லை.

நர்ஸ் கிசுகிசுத்தார்: “இது ஓடுதா மேடம்? காத்து வர்றதே தெரியலையே.”

“ஓடுது சிஸ்டர்,” என்றேன். கண் கலங்கிவிட்டது.