பேஷன்ஸின்ர வெட்டுப்பட்ட பக்கம்

செவ்வாய், நவம்பர் 12

ஈரப்பனி. சப்பாத்துக்குள்ள தண்ணி. ரோட்டுத் தண்டவாளத்தில ஓடுற ஸ்ரீற்கார் வரேல்லை, பார்க்டேலில இருந்து பாதித் தூரம் நடை.

குவேக்கர் எண்ட கிறிஸ்தவ சபை ஆக்களின்ர கந்தோரில மூண்டாவது மாசம். வேலை: பழைய கையெழுத்துக் கட்டொண்டைக் கொம்பியூட்டரில அடிக்கிறது. பேஷன்ஸ் எண்ட மனிசி, இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி குதிரையில ஊர் ஊராப் போய்ப் பிரசங்கம் பண்ணினவ. அவவின்ர டயறி. செத்தாப் பிறகுதான் புத்தகமாப் போட்டவை. அதுவும் சபையில ஒரு கமிற்றி வாசிச்சு, வேண்டாததை வெட்டி. அந்தக் காலத்தில அவையள் எதை அச்சடிக்கிறதெண்டாலும் உப்பிடித்தானாம்.

வெட்டினது ஒரு பக்கம். குறுக்க ஒரு கோடு, வாசிக்கலாம். அவையின்ர சபைக்காரன் ஒருத்தன், பெரிய பணக்காரன், சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். இவ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எல்லாருக்கும் முன்னால சொன்னாவாம்: "அடிமையள் சமைச்சதை நான் தின்னமாட்டன்." மனிசன்ர பேரையும் எழுதி வைச்சிருக்கிறா.

எனக்கு மயிர் சிலிர்த்திட்டுது. ஒரு பிழை விடாமல் அடிச்சன்.

டொரத்தி, கமிற்றித் தலைவி, இனி டொ., சொன்னா: "அந்தப் பக்கத்தைப் புதுப் பதிப்பில திருப்பிச் சேக்கிறதோ எண்டு வியாழன் கூடித்தான் முடிவு."

"வோட்டோ?"

"நாங்கள் வோட்டுப் போடுறதில்லை. ஒரு ஆளுக்கு மனம் ஒப்பேல்லையெண்டாலே விசயம் நிண்டுபோம்."

அந்த ஒருத்தர் ஆரெண்டு எனக்குத் தெரியும். கமிற்றியில இருக்கிற வில்பிரெட் அங்கிள். அந்தப் பணக்காரன்ர வம்சம். அதே குடும்பப் பேர்.

புதன்

வாங்க: பாண், பிளொப்பி, அண்ணிக்குச் சரக்குத்தூள்.

அண்ணை: "எடி, கொலிச்சை விட்டிட்டு வெள்ளைக்காரக் கிழவியின்ர டயறி அடிக்கிறாய். உருப்பட்ட மாதிரித்தான்."

அண்ணி: "பிள்ளையைச் சாப்பிட விடுங்கோ."

வில்பிரெட் அங்கிள் மறிப்பார் போல எண்டன். அண்ணையின்ர முகம் மாறிட்டுது. "நாங்கள் அகதியா வந்திறங்கேக்க அந்த மனிசன்தான் எயார்போட்டுக்குக் கோட்டோட வந்தவர். அவரோட வாய் காட்டாத."

உண்மை. எனக்குத் தந்தது பச்சைக் கோட்டு, முழங்காலுக்குக் கீழ தொங்கினது. குவேக்கர் ஆக்களுக்கு மிஸ்ரர், சேர் ஒண்டும் பிடியாது, வெறும் பேர்தான். எனக்கு வாய் வராமல் அங்கிள் எண்டன். "அது என்ன பட்டம்?" எண்டு கேட்டார். "பட்டமில்லை, சொந்தம்." சரியெண்டு விட்டிட்டார்.

அந்த மனிசனோடயோ சண்டை.

வியாழன்

கூட்டம். அவையள் நாலு பேர், நான் மூலையில. டொ. பக்கத்தை வாசிச்சா. பிறகு எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்கினம். ஹீற்றர் மட்டும் டிக் டிக். நான் அங்கிளின்ர கையையே பாத்துக்கொண்டிருந்தன். ஒரு சொல்லு இல்லை. கனநேரம். கடைசியா ஆளுக்காள் கைகுடுத்தினம். முடிஞ்சுது.

ஒருத்தரும் மறிக்கேல்லை! எங்கட வீட்டில விருப்பமில்லாட்டிக் கத்துவினம். இவையள் கத்தேல்லை, அப்ப சரிதானே.

அடிச்சதெல்லாம் இருந்த பிளொப்பியை எடுத்துக்கொண்டு பிரஸுக்கு ஓட்டம். பிரஸ்காரர்: "திங்கள் அச்சுப் பிளேட் போடுறன்." வரேக்க ஒரு டோனற் வாங்கித் திண்டன். ஆனந்தம்.

வெள்ளி

துலைஞ்சன்.

"டிஸ்க் எங்க?" எண்டு டொ.

"பிரஸில."

மனிசி கதிரையில இருந்திட்டா. "ஆர் குடுக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே!"

"அதுதான் விசயம். நான் முடிவெண்டு எழுதி வாசிக்கேல்லை. ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லேல்லை. நாங்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறம்."

இருநூற்றைம்பது வருசம் காணாதோ எண்டு கேட்டிட்டன். கேட்டிருக்கக் கூடாது. டொ. ஃபோனை என்ர பக்கம் தள்ளினா. பிரஸுக்கு நானே அடிச்சு நிப்பாட்டினன்.

"வில்பிரெட்டுக்கும் நீயே சொல்லு."

சொன்னன். அங்கிள்: "ஞாயிறு திருப்பிக் கூடுவம். நீயும் வா." அவ்வளவுதான். ஏசியிருந்தால் நிம்மதி.

சனி

அண்ணைக்குச் சொல்லேல்லை. ரண்டு தரம் குளிச்சன். அந்தாள் ஓம் சொல்ல இருந்தாலும், நான் செய்த வேலையால இனிச் சொல்லமாட்டார். ஒரு அவசரத்தில பேஷன்ஸுக்கு ரண்டாந்தரமும் கோடு கீறிப்போட்டன்.

ஞாயிறு

அதே நாலு பேர், அதே ஹீற்றர். நான் ரண்டு கையையும் தொடைக்குக் கீழ அமத்திக்கொண்டு.

டொ. ஒரு வழி சொன்னா: பக்கத்தைப் போடுவம், மனிசன்ர பேருக்குப் பதிலா வெறும் கோடு. அந்தக் காலத்துப் புத்தகங்களிலயும் அப்பிடித்தான். மற்ற ரண்டு பேரும் தலையாட்டிச்சினம்.

அங்கிள் மெல்ல எழும்பினார்.

"வியாழன் நான் போடாதேங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான். சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான் பேசாமல் இருந்தன். கோடு வேண்டாம். கோடு போட்டா இங்க இருக்கிற எல்லாற்ற பாட்டனிலயும் சந்தேகம் வரும். எங்கட ஆளின்ர பேரைப் போடுங்கோ."

ஆரோ சிரிச்சினம். அவர் சிரிக்கேல்லை. இருந்திட்டார்.

டொ. எழுதினா. வாசிச்சா. ஒவ்வொருத்தரா ஓம். அங்கிளின்ர ஓம் கடைசி, நல்லாக் கேக்கேல்லை. டொ. திருப்பிக் கேட்டா. "ஓம்."

நான் அசையேல்லை. கைகுடுத்து முடிஞ்சும் அசையேல்லை.

அங்கிள் மூலைப் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இப்ப ஓடலாம்."

இண்டைக்குப் பிரஸ் பூட்டு. எண்டாலும் எழும்பிட்டன்.