பின்சிறகு தெரியும்படி இன்னொரு படம்

கே.கே. நகர்
6 ஜூலை 2024

அன்புள்ள பரத்,

நலமா? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் நசுங்கிவிடும் என்பீர்களே, அதனால் மெயிலிலேயே இணைத்திருக்கிறேன். பால்கனித் துளசியில் இருந்த அந்துப்பூச்சி. சுண்டுவிரல் நகத்தளவுதான். பூச்சி ஆராய்ச்சிக்காரர் நீங்கள்தானே, என்ன பெயர்?

இன்னொன்று. எங்கள் பள்ளியின் கோவைக் கிளைக்கு என்னைத் தலைமை ஆசிரியையாகக் கூப்பிடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பிரிந்து இரண்டு வருஷமான புருஷனிடம் இதை எதற்குக் கேட்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். போகட்டுமா?

மஹதி

மயிலாப்பூர்
9 ஜூலை

அன்புள்ள மஹதி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். "மஹதி மெயில் போட்டாளாடா? நன்னா இருக்காளாமா?" என்று அம்மா என்னைத் துளைத்தெடுக்கிறாள்.

படம் அழகு. ஆனால் ஒரே படத்தை வைத்துப் பெயர் சொல்வது, போட்டோவைப் பார்த்துத் தாலி கட்டுகிற மாதிரி. முன்சிறகு பின்சிறகை மறைக்கிறது. பின்சிறகு தெரியும்படி இன்னொன்று எடு. பக்கத்தில் ஸ்கேல் வை. ஃபிளாஷ் போட்டுவிடாதே.

கோவை பற்றி நிதானமாக எழுதுகிறேன்.

பரத்வாஜ்

கே.கே. நகர்
15 ஜூலை

அன்புள்ள பரத்,

துளசிக்கு முன்னால் தவம் கிடந்து எடுத்தேன். "இன்னா டீச்சரம்மா, செடியாண்ட பேசிக்கினு கீறீங்க?" என்று வாட்ச்மேன் வலியுல்லா பாய் சிரிக்கிறார்.

பின்சிறகு தெரிகிறது, ஸ்கேலும் இருக்கிறது. நிதானம் உங்களுக்கு இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு இல்லை. சீக்கிரம் எழுதுங்கள்.

மஹதி

மயிலாப்பூர்
19 ஜூலை

அன்புள்ள மஹதி,

இன்னும் சந்தேகம் தீரவில்லை. கண்ணாடித் தம்ளரில் பிடித்து, அடிப்பக்கம் தெரிய ஒன்று எடுத்து அனுப்பு.

கோவை விஷயத்தில் நான் சொல்ல என்ன இருக்கிறது? உன் வேலை, உன் முடிவு. தம்ளர் படத்தை மறந்துவிடாதே.

பரத்வாஜ்

கே.கே. நகர்
31 ஜூலை

பரத்,

தம்ளர் படம் இணைப்பில். எடுத்தவுடன் பூச்சியைப் பறக்க விட்டுவிட்டேன்.

கோவைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன்.

மஹதி

மயிலாப்பூர்
4 ஆகஸ்ட்

மஹதி,

அது துளசி இலைச்சுருட்டி. முதல் படத்தைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பெயரைச் சொல்லிவிட்டால் அதோடு உன் மெயில் நின்றுவிடுமே என்று பயந்தேன். படம் கேட்டால் இன்னொரு தடவை எழுதுவாய் அல்லவா? சிறகு, வயிறு என்று கேட்டதெல்லாம் அதற்குத்தான். ஒவ்வொரு தடவையும் "போகாதே" என்று அடித்தேன், அழித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது அழிக்கவில்லை. போகாதே, மஹதி.

பரத்

கோவை
11 ஆகஸ்ட்

அன்புள்ள பரத்,

லாரியில் சாமான்கள் ஏறிய பிறகுதான் உங்கள் மெயிலைப் பார்த்தேன். வழியெல்லாம் அழுதேன். இங்கே பொறுப்பேற்றாகிவிட்டது. கொடுத்த வார்த்தையை இனி மாற்ற மாட்டேன்.

பூச்சியின் பெயர் எனக்கும் தெரியும். ஒன்பது வருஷம் உங்களோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் துளசி இலைச்சுருட்டி தெரியாதா? வெறும் கையோடு எப்படி எழுதுவது என்றுதான் அதைப் படம் பிடித்தேன்.

ஜூலையிலேயே அந்த ஒரு வார்த்தையை எழுதியிருந்தால், கோவையாவது ஒன்றாவது, அன்று சாயங்காலமே மயிலாப்பூருக்கு வந்திருப்பேன்.

மஹதி