கண் திரும்பாத குஞ்சுகள்

ஒல்யாவ், போர்ச்சுகல்
11 ஏப்ரல் 1999

அன்பான அடெரிட்டு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன், அவ்வளவுதான். ஈஸ்டர் முடிந்ததும் நார்வேக்கு வந்து உன்னோடு குடித்தனம் நடத்துவதாகச் சொன்னேன். இந்த முறையும் முடியாது போலிருக்கிறது. கோபப்படாமல் கேள்.

பண்ணையில் நாக்குமீன் குஞ்சுகள் திரும்பவே மாட்டேன் என்கின்றன. சால்மன் வளர்க்கும் உனக்கு இது விளங்காது, சொல்கிறேன். பொரிந்த புதிதில் இதுவும் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். தொண்டையில் தைராய்டு சுரப்பி உருவாகி, ஒழுங்காகச் சுரந்தால்தான் இடக்கண் மண்டையைத் தாண்டி வலப்பக்கம் வரும். பிறகு மீன் தரையில் படுத்துக்கொள்ளும். இவை படுக்கவில்லை. தொண்டை வேறு வீங்கியிருக்கிறது. அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். சுரப்பி பெருத்திருக்கிறது, உள்ளே சுரப்பு ஒன்றுமில்லை.

முதலாளி பல்தசார் தினமும் என் உயிரை எடுக்கிறார். "தண்ணியப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. இதுங்களுக்கு இன்னும் என்னம்மா கொறச்சல்?" புதிதாக வாங்கிய ஓசோன் இயந்திரம்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. அந்தப் பெருமை அவருக்கு.

இவை திரும்பட்டும், உடனே வருகிறேன். அலுப்பாக இருக்கிறது.

உன் எர்மீனியா

பெர்கன், நார்வே
2 மே 1999

என் எர்மீனியா,

படித்துவிட்டுச் சிரித்தேன். போன வருடம் குழாய் வெடித்தது, அதற்கு முன்னால் தீனி மாற்றினீர்கள். உன் மீன்களுக்கு ஏதாவது ஒரு சீக்கு வந்துகொண்டே இருக்கிறது. காத்திருந்து எனக்கும் அலுத்துவிட்டது.

எங்கள் பண்ணை மருத்துவரைப் பிடித்துக் கெஞ்சிக் கேட்டேன். "யோவ், சுத்தம் பண்றேன்னு ஓசோனப் போட்டு, தண்ணில இருக்கற அயோடினையும் கெடுத்திருப்பாங்க. அது இல்லாம சுரப்பி எத வச்சு வேல செய்யும்? ஓசோனக் கொறச்சு, தீனில கொஞ்சம் அயோடின் கலக்கச் சொல்லு" என்றார். சால்மன் பண்ணையில் நின்றுகொண்டு நாக்குமீனுக்கு வைத்தியம் கேட்கிறேன் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். செய்யட்டும். மீன் திரும்பினால் நீ வருவாய்.

வழி பார்த்திருக்கும் அடெரிட்டு

பெர்கன்
20 ஜூன் 1999

எர்மீனியா,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பொறுக்கமாட்டாமல் பல்தசாரிடம் தொலைபேசியில் பேசினேன். "உம் பொண்டாட்டி கெட்டிக்காரிப்பா! அயோடின் கலந்தா. அடுத்த ஈட்டுக் குஞ்சு அத்தனையும் தட்டு மாதிரி தரையில ஒட்டிக்கிட்டுக் கெடக்கு" என்று கத்தினார். ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எப்போது வருகிறாய்?

அடெரிட்டு

ஒல்யாவ்
4 ஜூலை 1999

அன்பான அடெரிட்டு,

முதலில் நன்றி. முந்தைய ஈட்டுக் குஞ்சுகளுக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது, அவற்றைக் கழித்துவிட்டோம். புதியவை பிழைத்தது உன்னால்தான்.

அவை படுத்த அன்று முற்றத்தில் மத்தி சுட்டு, ஒயின் ஊற்றிக் கொண்டாடினார்கள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. உன்னிடம் சொல்ல இனி ஒரு காரணமும் மிச்சமில்லையே என்றுதான் அழுதேன்.

குழாய் வெடித்தது உண்மை. தீனி மாற்றியதும் உண்மை. அவை இல்லாவிட்டாலும் நான் வந்திருக்கமாட்டேன். உன்மேல் கோபமில்லை, வேறு யாரும் இல்லை. உன்னோடு வாழும் ஆசை எப்போதோ போய்விட்டது. நீ கெட்டவனாக இருந்திருந்தால் என்றோ சொல்லியிருப்பேன். மீன்களைக் காட்டி உன்னை ஏமாற்றினேன். நீயோ கேலிப்பேச்சு கேட்டு அந்த மீன்களுக்கே வைத்தியம் கேட்டுச் சொன்னாய். அதற்குப் பிறகும் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் வரப்போவதில்லை, அடெரிட்டு. இனிக் காத்திருக்காதே.

எர்மீனியா