நெய்தல்வாயில் பள்ளிக்கு வந்த முந்நூறு கம்பளிகள்

நலம் பெருகுக. முத்தும் உப்பும் விளையும் வெண்கரை நாட்டுக்கு உரியவளும், மூன்று துறைமுகங்களின் காவலையும் ஏழு ஆறுகளின் முறையையும் தோளில் தாங்கியவளுமான அரசி அருமணிதேவி, தன் ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டு ஆவணித் திங்களில், பதினெட்டு நகரங்களின் வணிக அவையோர்க்கு விடுக்கும் ஓலை. உங்கள் கடைகளில் கூட்டமும் கலங்களுக்குக் காற்றும் குறையாதிருக்க; உங்கள் மனையோரும் மக்களும் நோயின்றி வாழ்க.

நெய்தல்வாயில் துறையில் நாம் நிறுவிய வணிகப் பள்ளியை மூடவேண்டும் என்று நீங்கள் பதினெண்மரும் கையொப்பமிட்டு அனுப்பிய விண்ணப்பம் வந்து சேர்ந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பலகையில் உட்கார்த்தி வாணிகம் கற்பிப்பது, மணலில் படுக்கவைத்து நீச்சல் கற்பிப்பதற்கு ஒப்பாகும் என்று அதில் எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தோம். நீங்கள் சொல்வதில் பாதி உண்மையாக இருக்குமோ என்று தோன்றவே, பிறகு சற்றுக் கவலையும் கொண்டோம். ஆகவே நம் ஆணைகளை எழுதும் ஓலைநாயகம் ஆதன் அம்பலவாணரை அங்கே அனுப்பி, நடப்பதைக் கண்டு எழுதிவரப் பணித்தோம். அவர் கண்டதும், உப்பளத் தொழிலாளி மகள் மணிநங்கை தன் வாயால் அவரிடம் சொன்னதும் இவை.

அம்பலவாணர் போய்ச் சேர்ந்த நாளில், பள்ளி முற்றத்தில் முந்நூறு கம்பளிகள் குவிந்து கிடந்தன. அனுப்பியவர் உங்களுள் ஒருவரும் அத்துறையின் வணிகத் தலைவருமான சேந்தன் உடையார். மலைநாட்டுக்குப் போகவேண்டிய சரக்கு கலம் மாறி வந்து, ஓராண்டாக அவர் பண்டகசாலையில் அடைந்து கிடந்தது. பிள்ளைகள் ஐந்து நாளில் இவற்றை விற்றுக் காட்டினால் தம் அவை விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் என்றும், விற்காவிட்டால் பள்ளியார் தாமே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்றும் அவர் சொல்லியனுப்பியிருந்தார். ஆசிரியை நல்லமங்கையார் ஒப்புக்கொண்டார். வகுப்பிலிருந்த இருபத்திருவரும் மணிநங்கையையே முன்னின்று நடத்தச் சொன்னார்கள். அவள் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள் அவள்தான். பள்ளி மூடினால் மறுநாள் விடியலிலேயே உப்பு வாரப் போகவேண்டும்.

முதல் நாள் கடைத்தெருவில் பந்தல் போட்டு, கம்பளியின் மென்மையைப் புகழ்ந்து கூவினார்கள். தோலை உரிக்கும் வெயிலில் ஒரே ஒருவர் வந்து தொட்டுப் பார்த்தார். தொட்ட கையோடு விசிறி இருக்கிறதா என்று கேட்டார். இரண்டாம் நாள் மீனவர் குப்பத்துக்குத் தூக்கிப் போனார்கள். கடலில் குளிருவது உண்மைதான், ஆனால் நனைந்த கம்பளி ஆளைவிடக் கனக்கும் என்று சொல்லி அவர்கள் வலையைப் பிரிக்கப் போய்விட்டார்கள்.

அன்று மாலை குழகன் என்னும் மாணவன் ஒரு வழி சொன்னான். மலைமுனிவர் ஒருவர் ஓதிக் கொடுத்த கம்பளி, போர்த்தினால் மூட்டுவலி தீரும் என்று பரப்பினால் மூன்று நாழிகையில் விற்றுவிடலாம் என்றான். பாதி வகுப்பு தலையாட்டியது. மணிநங்கை சொன்ன சொல்லை ஓலைநாயகம் மாற்றாமல் எழுதியிருக்கிறார்: "நம்ம சனத்துக்கிட்டயே பொய் சொல்லி வித்துட்டு, நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படிடா முழிப்ப? பள்ளிக்கூடம் போனாலும் போகட்டும்." குழகன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். மணிநங்கை கம்பளிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்தபின்தான் ஒன்று உறைத்தது என்று அவளே சொன்னாளாம். இரண்டு நாளாக எதிர்ப்பட்டவரிடமெல்லாம் வாங்குகிறீர்களா என்று கேட்டார்களே தவிர, உங்களுக்கு என்ன தொல்லை என்று ஒருவரையும் கேட்கவில்லை. சந்தை அறிதல் என்னும் பாடத்தில் ஒரு திங்கள் முழுதும் படித்ததே அதுதான். மூன்றாம் நாள், ஒரு கம்பளியும் கையில் எடுக்காமல், இருவர் இருவராகத் துறை முழுதும் பிரிந்து போனார்கள். எலித் தொல்லை, கயிறு அறுந்த தொல்லை, மாமியார் தொல்லை என்று பலவும் கேட்டு வந்தார்கள். மணிநங்கை மட்டும் குதிரை இறங்குதுறையில் நின்றுவிட்டாள். அங்கே குதிரைக்காரர் ஒருவர் குதிரையின் தோளில் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். கப்பல் ஆடும்போது குதிரைகள் தம்மைக் கட்டிவைத்திருக்கும் கொட்டடிப் பலகையில் மோதித் தோல் கிழிந்துபோவதாக அவர் நொந்துகொண்டார். பலகையில் மெத்தென்று எதையாவது கட்டக்கூடாதா என்று அவள் கேட்டாள்.

"வைக்கோல் கட்டிப் பாத்தாச்சு புள்ள. அதையும் தின்னுபுடுதுங்க," என்றார் அவர்.

மணிநங்கை பள்ளிக்கு ஓடினாள். அன்றே கம்பளிகளை மடித்துத் தைத்து, மறுநாள் காலை அக்குதிரைகளை ஏற்றிவந்த மேலைக்கடல் கப்பல் தலைவனாகிய மீகாமனிடம் போய், இரண்டு கொட்டடிகளில் மட்டும் கட்டிப் பார்க்க இசைவு கேட்டாள். ஊசிநூலோடு குழகனும் வந்து நின்றான். இருவரும் பழையதைப் பேசவில்லை. மீகாமன் நம்பிக்கையில்லாமலேயே கப்பலைக் கழிமுகத்துக்கு வெளியே அலையில் ஒரு சுற்று ஓட்டினான். அதுவரை கப்பலேறியிராத மணிநங்கை வாந்தி எடுத்துக்கொண்டே கொட்டடியைப் பார்த்திருந்தாள். குதிரைகள் மோதின, ஒரு கீறலும் இல்லை. ஒன்று கம்பளியை முகர்ந்து பார்த்து, தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீகாமன் தன் மூன்று கப்பல்களுக்கும் வேண்டுமென்றான்.

ஐந்தாம் நாள் காலை அவள் சேந்தன் உடையார் வாசலில் போய் நின்றாள். தோல்வியை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறாள் என்று எண்ணிய அவர், மோர் கொடுக்கச் சொல்லி ஆறுதலாகப் பேசத் தொடங்கினார். மோரைக் குடித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "இன்னும் நாப்பது கம்பளி கிடைக்குங்களா, ஐயா? பத்தலை."

உடையார் நடந்ததையெல்லாம் அவளிடம் கேட்டறிந்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். குதிரைகள் தம் பண்டகசாலை வாசலில்தான் இருபது ஆண்டுகளாக இறங்குகின்றன என்றும், ஒருநாளும் தாம் அவற்றின் தோளைப் பார்த்ததில்லை என்றும் அம்பலவாணரிடம் சொன்னார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் ஓலையை அன்றே தம் கையால் எழுதினார். அது இத்துடன் வருகிறது.

ஆகவே நாம் இடும் ஆணை: பதினெட்டு நகரங்களிலும் வரும் தைக்குள் இத்தகைய பள்ளி திறக்கப்படுக, எக்குலத்துப் பிள்ளையாயினும் பதினாறு நிறைந்தவர் சேர்க்கப்படுக, உங்களில் ஒவ்வொருவரும் தம்மால் விற்க இயலாத சரக்கு ஒன்றை ஆண்டுதோறும் அப்பள்ளிக்குத் தேர்வாக அனுப்புக. வெட்கப்பட்டு ஒளிக்கவேண்டாம், எம் அரண்மனையிலும் அத்தகைய சரக்கு உண்டு.

அதன் பொருட்டே மணிநங்கையை அரண்மனைப் பண்டகசாலைப் பணிக்கு வருமாறு அழைத்திருந்தோம். கூட்டு வாணிகம் என்னும் பகுதி இன்னும் நடக்கவில்லை என்றும், கார்த்திகையில் பாடம் முடிந்தபின் வருவதாகவும், அதுவரை அரசியார் பொறுத்தருள வேண்டும் என்றும் மறுமொழி வந்தது. பொறுத்திருக்கிறோம்.

ஓலைநாயகம் ஆதன் அம்பலவாணன் எழுத்து. மீன்கொத்தி முத்திரை நம் கையால் இட்டது. இதைப் பெற்றவர் அவை கூட்டி உரக்கப் படிப்பிப்பாராக, வாழ்க வெண்கரை.